ஆயன் பையும் நம் பந்தியும்

சென்ற தைத் திங்களில் நம் சங்கத்தார் பொங்கல் விழா எடுத்ததை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பட்டிமன்றம் நடந்தது. கும்மி நடந்தது. வாழ்த்துரைகள் நடந்தன, நடந்தன, நடந்துகொண்டே இருந்தன. பிறகு பந்தி நடந்தது. அந்தப் பந்திக்கென்று வந்து, பந்தியில் இடம் பெறாமல், மண்டபத்தின் பின்புறம் சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்த ஒரு பாத்திரத்தைப் பற்றியே எழுத வந்திருக்கிறேன்.

பாத்திரம் கிட்வாய் நகரிலிருந்து வந்தது. அதனுள் இருந்தது ஆட்டுக் கொத்துக்கறியும், அதன்மேல் மெத்தைபோல் பரப்பிய உருளைக்கிழங்கு மசியலும். ஆங்கிலேயர் அதை 'ஷெப்பர்ட்ஸ் பை' என்பர். நாங்கள் ஆயன் பை என்றோம். விழாக் குறிப்பிலும் செயலாளர் அப்படியே எழுதிவிட்டதால், 'கிட்வாய் நகரிலிருந்து பை வருகிறது' என்ற செய்தி விடுதி முழுவதும் பரவி, விருந்தினருக்கு மஞ்சள் பை தரப்போகிறார்கள் என்று முதலாண்டு மாணவர்கள் சிலர் நம்பிக்கொண்டிருந்தார்கள் என்று பின்னர் அறிந்தேன். மொழிபெயர்ப்பின் தொல்லை இது! ஆனால், 'கறிக்கிழங்கு அடுக்கு' என்று நண்பர் ஒருவர் சொன்ன தூய பெயரைவிட இந்தப் பை மேல் என்பது என் எண்ணம்.

அசைவம் பந்திக்குள் வரலாகாது, எல்லாரும் சேர்ந்துண்ணும் இடமல்லவா என்றார்கள் விழாக் குழுவினர். சரி என்று வெளியே கொண்டுபோனோம். பதினான்கு பேர் தை மாதத்துப் பனிக்காற்றில் நின்றுகொண்டே உண்டோம். சுவைக்கு ஒரு குறையும் இல்லை. ஆயினும் எல்லாரும் சேர்ந்துண்ணும் விழாவில் பதினான்கு பேர் வெளியே நின்று உண்டது எந்த வகையில் சேர்ந்துண்டதாகும் என்ற கேள்வி அன்றுமுதல் என்னை விடவில்லை.

கிட்வாய் நகரிலிருந்து ஏன் வரவேண்டும், விடுதியிலோ வாடகை அறையிலோ சமைத்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். விடுதியில் அடுப்பு வைத்துக்கொள்ள இசைவில்லை. வாடகை அறையின் கதை நம்மில் பாதிப்பேர் அறிந்ததே. டில்லியில் அறை தேடிப் போகிறவனிடம் ஊர், பேர், படிப்பு கேட்டபின் நான்காவதாக வரும் கேள்வி, 'நான்-வெஜ் சாப்பிடுவீர்களா?' என்பது. உண்மை சொன்னால் அறை இல்லை. பொய் சொன்னால் அறை உண்டு, ஆனால் முட்டை ஓட்டைக்கூடச் செய்தித்தாளில் சுற்றி, படிப்புப் பையில் ஒளித்து, இரண்டு தெரு தள்ளிப் போய்ப் போட்டுவிட்டு வரவேண்டும். நான் அப்படிச் செய்திருக்கிறேன். இரவு எட்டு மணிக்கு முட்டை ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கொலைகாரனைப்போல் நடந்த நாட்களை எண்ணினால் இன்று சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

அரசாங்கக் குடியிருப்பில் இந்தக் கேள்வி கிடையாது. வீடு அரசுடையது. ஒதுக்கீடு பெற்றவர் எந்த மாநிலத்தாராயினும், அடுப்பில் எது கொதித்தாலும், கேட்பதற்கு வீட்டுக்காரர் என்று ஒருவர் இல்லை. எதிர்வீட்டில் வங்காளியின் மீன் பொரியும். மேல்வீட்டில் பஞ்சாபியின் ராஜ்மா வேகும். கீழ்வீட்டில் நம் ஊர்க்காரரின் கருவாடு மணக்கும். மணம் பிடிக்காதவர் சன்னலைச் சாத்திக்கொள்வார். அவ்வளவுதான்! டில்லியின் பல மூலைகளில் காணக்கிடைக்காத இந்த நாகரிகம், குமாஸ்தாக்களுக்கும் அலுவலர்களுக்கும் என்று கட்டிய குடியிருப்புகளில் எவரும் போதிக்காமலே வளர்ந்திருக்கிறது.

பெயரும் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது. ரஃபி அகமது கிட்வாய் (1894 – 1954) விடுதலை இந்தியாவின் முதல் செய்தித் தொடர்புத் துறை அமைச்சர் என்பது பலருக்குத் தெரியும். 1952 முதல் மறையும்வரை அவர் உணவு அமைச்சராகவும் இருந்தார். போர்க்காலம் தொட்டு மக்களை வரிசையில் நிறுத்தி வைத்திருந்த உணவுக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியவர் அவர். 1952 ஜூனில் சென்னை மாநிலத்தில் இராஜாஜி அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கியபோது மத்தியில் துணை நின்றவரும் அவரே. இன்னார் இவ்வளவுதான் உண்ணலாம் என்ற அளவுச்சீட்டை ஒழித்தவர் பெயரால் அமைந்த நகரில், யார் எதை உண்ணலாம் என்று கேட்பாரில்லை. தற்செயல்தான். ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

அந்தக் குடியிருப்பில் ஓர் அக்கா இருக்கிறார். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பணி. ஓய்வு பெற இன்னும் அதிக நாள் இல்லை. சொந்த ஊர் நீலகிரியில், குன்னூரை அடுத்த சிற்றூர். அவர் பெயரை எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. நம் சங்கத்து மாணவர்களில் ஏழெட்டுப் பேருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர் வீடுதான். மெட்ரோ ஏறி ஐ.என்.ஏ. நிலையத்தில் இறங்கி, எதிரே உள்ள சந்தையில் கறியும் கிழங்கும் வாங்கிக்கொண்டு நடந்தால் அக்கா வீடு. ஐ.என்.ஏ. சந்தையைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் நேந்திரம் பழமும் ஒரு சந்தில், ஆடும் கோழியும் மீனும் அடுத்த சந்தில், தூதரகத்தார் வாங்கும் வெளிநாட்டுப் பாலாடைக் கட்டிகள் அதற்கடுத்த சந்தில். வெங்காயத்தில் சாம்பார் வெங்காயம் என்று ஒரு வகை உண்டு என்பதை விளக்கிச் சொல்லாமலே வாங்கக்கூடிய இடங்களில் அது ஒன்று.

அக்காவின் தந்தையார் தேயிலைத் தோட்டத்துத் துரை வீட்டில் பட்லராக இருந்தவர். நாடு விடுதலை பெற்ற பின்னும் இருபது ஆண்டுக்கு மேலாகச் சில துரைமார் மலைகளில் தங்கியிருந்த காலம் அது. ஞாயிறன்று துரை வீட்டில் ஆட்டுத் தொடையை முழுசாக வாட்டுவார்கள். மிஞ்சிய கறி திங்கட்கிழமை கொத்திப் பொடியாக்கப்பட்டு, மேலே கிழங்கு போர்த்திப் புது உணவாக மேசைக்குப் போகும். "செப்பட்டு பை என்பார் அப்பா," என்று அக்கா சொல்வார். செவ்வாயன்று அதிலும் மிஞ்சியது வீட்டுக்கு வரும். பின்னாளில் துரை கப்பலேறிப் போய்விட்டார். பிள்ளைகள் கேட்டதால் தந்தையார் அதை வீட்டிலேயே செய்யத் தொடங்கினார். அங்கேதான் மாறுதல்கள் பிறந்தன.

வாட்டிய தொடைக்கு ஏழை எங்கே போவான்? ஆகவே பச்சைக் கொத்துக்கறி. அரைக் கிலோவுக்குப் பதில் கால் கிலோ, கிழங்கு இரு மடங்கு. கறி கூடிச் சேர்வதற்கு அங்கே மைதா சேர்ப்பார்கள். இங்கே கோலா உருண்டைக்குப் போடுவதுபோல் பொட்டுக்கடலை மாவு. அவர்கள் வெண்ணெயில் வதக்குவார்கள். இங்கே எண்ணெயில் சோம்பு பொரிந்து, சின்ன வெங்காயமும் இஞ்சி பூண்டும் வதங்கி, கறிவேப்பிலை விழும். மிளகாய் குறைவு, மிளகு கூடுதல்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. துரை வீட்டில் கறியில் சில சொட்டு வூஸ்டர் சாஸ் விடுவது வழக்கம். லீ அண்டு பெரின்ஸ் என்ற இங்கிலாந்துக் கடைக்காரர்கள் 1837-இல் விற்கத் தொடங்கிய சரக்கு அது. வீட்டில் அது ஏது? தந்தையார் அதை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது புளி" என்றாராம். புளித் தண்ணீரில் துளி வெல்லம் கரைத்து ஊற்றினார். அவர் நாக்கு பொய் சொல்லவில்லை. அந்தச் சாஸில் சேரும் பொருள்களில் புளியும் ஒன்று! நம் புளி கப்பலேறி இங்கிலாந்து போய், குப்பியில் அடைபட்டுத் திரும்பி வந்து குன்னூர்ச் சமையற்கட்டில் நின்றது. அதைக் குப்பியிலிருந்து விடுவித்தார் ஒரு பட்லர்.

அடுப்பு இன்னொரு மாறுதல். மேற்புறம் பொன்னிறமாகச் சிவக்க ஓவன் வேண்டும் என்பார்கள். அக்கா வீட்டில் இருப்பது இரண்டு பர்னர் எரிவாயு அடுப்பு. தந்தையார் மூடியின்மேல் தணல் போட்டார். மகள் இரும்புத் தோசைக்கல்லைப் புகை எழக் காயவைத்து, பாத்திரத்தின் வாயின்மேல் கவிழ்க்கிறார். கிழங்குக்கும் கல்லுக்கும் ஒரு விரல் இடைவெளி. மசியலின்மேல் நெய் தடவி, முள்கரண்டியால் உழவு சால்போல் கீறி வைத்தால், மேடுகள் எல்லாம் சிவந்து மொறுமொறுக்கும், பள்ளங்கள் வெண்ணெய்போல் நிற்கும். கல் ஆறினால் மறுபடி காய்ச்சவேண்டும். மூன்று முறை. பழைய ஆங்கிலச் சமையற்கட்டுகளிலும் இதே வேலைக்கு நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய இரும்புத் தட்டு ஒன்றை உணவின்மேல் நீட்டிப் பிடிப்பார்கள், அதற்குச் சாலமாண்டர் என்று பெயர் என்று பின்னர் படித்தேன். அக்காவிடம் சொன்னபோது, "அப்படியா? தோசைக்கல்லுக்கு இங்கிலீஷ் பேர் வேற இருக்கா!" என்று சிரித்தார்.

கிழங்கைப் பற்றியும் ஒரு சொல். மாசி பங்குனியில் டில்லிச் சந்தைக்கு வரும் புதுக்கிழங்கு நீர் நிறைந்தது. மசித்தால் பசையாக இழுபடும். பழங்கிழங்கும் மலைக்கிழங்கும் மாவாக உதிரும், அவையே இதற்கு ஏற்றவை. தோலுடன் இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்து, உரித்து, சூடாக இருக்கும்போதே கையால் மசிக்கவேண்டும். நம் நண்பர் ஒருவர், எந்திரப் பொறியியல் மாணவர், கைவலிக்கு அஞ்சி மிக்ஸியில் போட்டு அரைத்தார். கிழங்கின் நுண்ணறைகள் உடைந்து மாவுச்சத்து வெளிப்பட்டு, சுவரொட்டி ஒட்டுவதற்கேற்ற அருமையான பசை கிடைத்தது.

இவ்வளவும் சொன்னதும், "இதெல்லாம் சரி, ஆனால் இது உண்மையான ஷெப்பர்ட்ஸ் பை அன்று" என்று கூறும் மேதாவிகள் நம்மிடையே உண்டு. வெளிநாட்டுச் சமையல் நிகழ்ச்சிகளைத் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் பார்த்துத் தேறியவர்கள். செம்மறி ஆடாயின் ஆயன் பை, மாடாயின் குடிசைப் பை, இரண்டையும் குழப்பலாகாது என்பார்கள். வரலாற்றைப் பார்ப்போம். குடிசைப் பை என்ற பெயர் 1791-இல் ஆங்கில நாட்டுக் கிராமப் பாதிரியார் ஒருவரின் நாட்குறிப்பில் காணப்படுகிறது. ஆயன் பை என்ற பெயர் அறுபது ஆண்டு கழித்தே வருகிறது. 1854-இல் எடின்பரோவில் வெளிவந்த சமையல் நூல் ஒன்று அதற்குச் செய்முறை தருகிறது. என்ன இறைச்சி? வாட்டியதோ வேகவைத்ததோ, ஆறிப்போன எந்த இறைச்சியும் ஆகலாம் என்கிறது அது! ஆட்டுக்கொரு பெயர் மாட்டுக்கொரு பெயர் என்ற ஆசாரம் பிற்காலத்தது. டில்லிக் கசாப்புக் கடையில் மட்டன் என்று கிடைப்பது பெரும்பாலும் வெள்ளாடு. செம்மறியைத் தேடிப் போகும் மேதாவிக்கு வழிச்செலவுக்கு நான் பணம் தர இயலாது.

பிற நாட்டாரும் சும்மா இருக்கவில்லை. பிரெஞ்சுக்காரர் இதைப் பார்மாந்தியே பெயரால் அழைக்கின்றனர். உருளைக்கிழங்கு நோய் தரும் என்று அஞ்சி அதைப் பயிரிடவே 1748-இல் தடை செய்த நாடு பிரான்சு. போர்க்கைதியாகப் பிரஷ்யச் சிறையில் கிழங்கையே தின்று உயிர் வாழ்ந்த அந்த மருந்தியல் அறிஞர் திரும்பி வந்து, கிழங்கின் கட்சி பேசி, 1772-இல் பாரிஸ் மருத்துவக் கழகமே அதை உண்ணத்தக்கது என்று ஒப்புக்கொள்ளும்படி செய்தார். கனடாவின் கியூபெக்கில் கறிக்கும் கிழங்குக்கும் நடுவே மக்காச்சோளம் வைக்கிறார்கள். அர்ஜென்டினாவில் அவித்த முட்டையும் ஒலிவக் காயும் உலர்ந்த திராட்சையும் கூட வைக்கிறார்கள். நம் ஊரில் புளி விட்டால் மட்டும் குற்றமா?

எங்கள் ஞாயிறுகளிலும் வகைகள் பிறந்தன. யாழ்ப்பாணத்துத் தோழர் ஒருவர் டின் மீனை வெங்காயத்தோடும் மிளகுத்தூளோடும் பிரட்டிக் கிழங்கின் கீழே வைத்தார். ஈழத்தில் கட்லட்டுக்குச் செய்யும் அதே கலவை. எலுமிச்சை பிழிந்து தின்றோம், பாத்திரத்தைச் சுரண்டினோம். நாகர்கோவில் தோழி கிழங்கையே மாற்றி மரவள்ளியைத் தேங்காயோடு மசித்துப் போட்டார். மேலே சிவக்கவில்லை, ஆனால் எனக்கு அதுவே மேலானதாகப்பட்டது. மயிலாப்பூர் நண்பர் பிறப்பிலிருந்து மரக்கறி உண்பவர். அவருக்காக அக்கா மீல் மேக்கரை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, கொத்தி, அதே சோம்பும் மிளகும் சேர்த்துத் தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியோடு செய்து வைக்கிறார். அதைப் பை என்று சொல்லக்கூடாது என்று நான் ஒருமுறை வாதாடினேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் வாதம் அடங்கிவிட்டது. மேலே மேதாவிகளைப் பழித்தேனே, அவர்களில் நானும் ஒருவனாக இருந்தவன்தான்.

இனி விழாக் குழுவினரின் வாதத்துக்கு வருகிறேன். அவர்கள் என் நண்பர்கள். தீய எண்ணம் உடையவர் அல்லர். ஆனால் அவர்கள் சொன்ன காரணங்கள் என் மனத்துக்கு ஒப்பவில்லை.

இது தமிழ் உணவா என்றார் ஒருவர். நல்ல கேள்வி. அன்று பந்தியில் உருளைக்கிழங்குப் பொரியல் இருந்தது. உருளைக்கிழங்கு தென்னமெரிக்க மலைகளில் பிறந்தது. நீலகிரியில் அது வேரூன்றியது 1820-களில், சலிவன் துரை உதகையில் குடியேறிய காலத்தில். இன்றும் திதிச் சமையலில் அதைச் சேர்க்காத குடும்பங்கள் உண்டு. சாம்பாரில் இருந்த மிளகாய் போர்த்துகீசியர் காலத்தில் கடல் கடந்து வந்தது. இவற்றுக்கு எவரும் கடவுச்சீட்டுக் கேட்கவில்லை. கறிக்கு மட்டும் கேட்டார்கள். மேலும், புலால் தமிழர் பந்திக்குப் புதிதா? புறநானூற்றின் 14-ஆம் பாட்டில், உன் கை மென்மையாக இருக்கிறதே என்று வியந்த சேரனுக்குக் கபிலர் தரும் விடை என்ன? ஊனும் சோறும் உண்டு வருந்தும் தொழிலன்றி வேறு தொழில் அறியாத கை இது என்கிறார். அந்தணப் புலவர் அவர். விழாவுக்குக் கபிலர் வந்திருந்தால் அவரையும் சைக்கிள் கொட்டகைக்கு அனுப்பியிருப்போம்.

மற்றொருவர் சொன்னது சற்று எண்ணத்தக்கது. அசைவம் உண்பவர் சைவமும் உண்ணலாம், சைவர் அசைவம் உண்ண இயலாது, ஆகவே அனைவருக்கும் பொது சைவமே என்றார். கேட்கும்போது கணக்குச் சரியாக இருப்பதுபோல் தோன்றும். நானும் ஓராண்டுக் காலம் அதை ஒப்புக்கொண்டவன். ஆனால் அந்தக் கணக்கு ஒரு பாத்திரம் மட்டுமே உள்ள வீட்டுக்குரியது. நம் பந்தியில் பதினொரு பாத்திரங்கள் இருந்தன. பன்னிரண்டாவது பாத்திரம் ஒன்று ஓரத்து மேசையில், மூடியோடும் தனிக் கரண்டியோடும் இருந்தால் எவருடைய இலையில் எது குறையும்? மணம் ஒவ்வாது என்பார் இருக்கலாம். அது உண்மையான துன்பமே, நான் சிறிதாக எண்ணவில்லை. மேசையைக் காற்றோட்டமான பக்கத்தில் வைப்போம். ஆனால் மேசை மண்டபத்துக்குள் இருக்கட்டும்.

எண்ணிக்கை பேச விரும்புவோர்க்கு ஒன்று சொல்வேன். மத்திய அரசின் பதிவாளர் நாயகம் அலுவலகம் 2014-இல் நடத்திய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயது கடந்தவர்களில் நூற்றுக்கு 97 பேருக்குமேல் அசைவம் உண்போர். டில்லியிலேயே நூற்றுக்கு 60 பேர். நூற்றில் மூவருக்காகத் தொண்ணூற்றேழு பேர் ஒருநாள் விட்டுக்கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். விட்டுக்கொடுப்பது பெருந்தன்மை. ஆனால் ஆண்டுதோறும் கேட்காமலே எடுத்துக்கொள்வதற்குப் பெருந்தன்மை என்று பெயரில்லை. வாடகை அறைக்காரரின் பலகையும் பொது என்ற சொல்லைக்கொண்டுதான் எழுதப்படுகிறது என்பதை நண்பர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். அறைக்காரரைக் கண்டித்து இதே ஏட்டில் நாம் எழுதியிருக்கிறோம். நம் மண்டபத்து வாயிலில் நாமே அந்தப் பலகையை மாட்டலாமா?

அன்று நடந்த ஒன்றை இதுவரை சொல்லாமல் விட்டேன். அந்தப் பாத்திரத்தோடு அக்காவும் வந்திருந்தார். நம் விழாவுக்கு அவர் வந்தது அதுவே முதல் முறை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, தோசைக்கல்லை மூன்று முறை காய்ச்சி, பாத்திரத்தைத் துண்டில் சுற்றி, பட்டுப்புடவை உடுத்தி, மெட்ரோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வாயிலில் நம் குழுவினர் பேசியதைக் கேட்டார். கொட்டகைக்கு எங்களோடு நடந்தார். நான் தலைகுனிந்து, "மன்னிச்சுக்கோங்க அக்கா" என்றேன். அவர் பாத்திரத்தின் துண்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "அட, விடு தம்பி. அப்பாவும் துரை வீட்டுக்கு இதைப் பின்வாசல் வழியாத்தான் கொண்டு போவாரு."

தோட்டத்துப் பங்களாக்களில் சமையற்கட்டு வீட்டுக்குப் பின்னால் தனிக் கட்டடமாக இருக்கும். பட்லர் பின் தாழ்வாரம் வழியாகவே உள்ளே வரவேண்டும். அந்தக் காலத்துச் சென்னையில், வைவர்ன் என்ற புனைபெயரில் கர்னல் கென்னி-ஹெர்பர்ட் 1878-இல் ஒரு சமையல் நூல் எழுதி வெளியிட்டார். துரைசானிகள் விரும்பிப் படித்த நூல். அதில் நம் ஊர்ச் சமையற்காரர் அனைவருக்கும் ஒரே பெயர்தான், இராமசாமி. எத்தனையோ பேர் சமைத்தார்கள், ஒருவருக்கும் தனிப்பெயர் கிடையாது. இராமசாமிக்கு எதைக் கற்றுத்தர வேண்டும், எதில் அவனை நம்பலாகாது என்று பக்கம் பக்கமாக எழுதியவர், வாட்டும் அடுப்பருகே நின்று வியர்த்தவனுக்கு ஒரு பெயரை நல்கவில்லை. ஆயினும் அந்த நூலின் பாடங்களைவிட, பெயரில்லாத அந்த இராமசாமிகள் தம் வீட்டுப் பிள்ளைகளுக்காகப் புளியும் சோம்பும் போட்டு மாற்றிச் செய்ததே இன்று கிட்வாய் நகரில் உயிரோடிருக்கிறது. துரை வீட்டுப் பின்வாசலைக் கடந்து வந்த உணவு அது. அதை நம் வீட்டுப் பின்வாசலுக்கு அனுப்பினோம்.

வரும் பொங்கல் விழாவுக்கான குழுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவர இருக்கிறேன். பந்தி நடக்கும் மண்டபத்துக்குள்ளேயே, வடக்குச் சன்னல் ஓரம், அசைவத்துக்கு ஒரு மேசை. தனிக் கரண்டி, தனித் தட்டு, எழுதி வைத்த அட்டை. பரிமாறுவோர் அந்த மேசையைவிட்டு மற்றப் பந்திக்கு வரமாட்டார்கள். மயிலாப்பூர் நண்பர் தீர்மானத்தை வழிமொழிய இசைந்திருக்கிறார், மீல் மேக்கர் வகை சைவப் பந்தியில் இடம்பெற வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு.

அக்காவிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் வருவாரா என்பதும் தெரியவில்லை. தீர்மானம் நிறைவேறினால் நானும் நாகர்கோவில் தோழியும் கிட்வாய் நகருக்கு நேரில் போய் அழைப்பதாக இருக்கிறோம். அவர் இசைந்தால் இரண்டு பெரிய பாத்திரங்களுக்கு நான்கு கிலோ கிழங்கும் இரண்டு கிலோ கறியும் வேண்டும். சந்தையில் கறி கொத்த அதிக நேரம் எடுக்கும், முன்னாள் மாலையே போகவேண்டும். கிழங்கு உரிக்க ஆறு பேர் தேவை. பெயர் கொடுக்க விரும்புவோர் சங்க அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். மிக்ஸி கொண்டுவர வேண்டாம்.